பிடி கொடுக்கும் வரி

பதிவு பதிவாக எழுதியே கதையாடும் பிளே-பை-போஸ்ட் ஆட்டத்தில் ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், போடும் பதிவை நான் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன். வர்ணனை, வசனம், பகடைக் கணக்கு எல்லாம் அப்புறம். அந்த ஒரு வரி நன்றாக அமைந்துவிட்டால் மேலே இருக்கும் குறைகளை மன்னித்துவிடலாம். அது சொதப்பினால், மேலே கம்பனே வந்து எழுதியிருந்தாலும் ஒரு வாரத்தில் ஆட்டம் படுத்துவிடும்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "'தொடரும்' போடத் தெரிந்தவர் நல்ல ஜிஎம், அவ்வளவுதானே?" என்கிறார்கள். அதற்கு நேர் எதிர் என்பதுதான் என் கட்சி. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதியபோது அத்தியாயத்தின் கடைசி வரிக்கு இருந்த வேலை, வாசகரை அடுத்த இதழ் வரை தவிக்க விடுவது. வந்தியத்தேவன் எந்தப் பக்கம் ஓடட்டும் என்று வாசகரை யாரும் கேட்கப்போவதில்லை. நம் ஆட்டத்தில் படிப்பவரே அடுத்து எழுத வேண்டியவர். அவரைத் தவிக்க விட்டால் அவர் தவித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஆடும் ஐந்து பேரும் 'அடுத்து என்ன ஆகுமோ' என்று ஜிஎம்மைப் பார்ப்பார்கள். ஜிஎம் இவர்களில் யார் எழுதுவார்கள் என்று பார்ப்பார். நான் பார்த்த வரையில் பாதி ஆட்டங்கள் செத்தது இந்தப் பார்வையில்தான்.

'கால் ஆஃப் குதுலு' ஆட்டத்தில் ஜிஎம்மைக் கீப்பர் என்பார்கள். எனக்குப் பிடித்த கீப்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கும் அது பிடிக்காது. எங்களுக்குக் குதுலுவின் 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்' ஆட்டத்தை முழுக்க முழுக்க எழுத்திலேயே நடத்தியவர். லாரி டிடில்லியோவும் லின் வில்லிஸும் எழுதி, கேயாஸியம் 1984-ல் பெட்டியாகக் கொண்டுவந்த அந்த ஆட்டம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதற்காகச் செய்யப்பட்டதுதான். ஆனாலும் அதன் சொந்த ஊர் எழுத்து என்பேன். தந்தி, கடிதம், பத்திரிகை நறுக்கு, ஷாங்காய் மதுக்கடைத் தீப்பெட்டி ஒன்று: பாதிக் கதை காகிதத்தில்தான் நகர்கிறது. லவ்கிராஃப்ட் 1928-ல் வெளியிட்ட குதுலு மூலக் கதையே இறந்துபோன ஒரு பெரியவர் விட்டுச்சென்ற தாள்களைப் புரட்டுவதுதானே. மேசையில் ஹேண்டவுட்டை நீட்டினால் ஒருவர் உரக்கப் படிப்பார், இரண்டு பேர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். எழுத்தில் ஒவ்வொருவரும் அதைத் தனியாக, பெரும்பாலும் ராத்திரியில், இரண்டு தடவை படிக்கிறார்கள். தேதியில் இருக்கும் முரணைக் கண்டுபிடிப்பதும் அப்போதுதான்.

மாஸ்க்ஸில் கேரக்டர்களின் நண்பர் ஜாக்சன் இலையஸ் கொலையாகிக் கிடக்கும் நியூயார்க் ஹோட்டல் அறையை எடுத்துக்கொள்வோம். (நாற்பது வருஷப் பழைய ஆட்டம். ரகசியத்தை உடைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.) இந்த இடத்தில் நம்மவர்கள் பதிவை எப்படி முடிப்பார்கள்? ஒரு கூட்டம் இப்படி முடிக்கும்: "அறையெங்கும் ரத்தவாடை. நீங்கள் தேடி வந்த நண்பர் இனி யாருக்கும் கடிதம் எழுதப்போவதில்லை." அழகாகத்தான் இருக்கிறது. பதிலுக்கு வருவது ஐந்து அஞ்சலிக் குறிப்புகள். 'ஹென்றி உறைந்துபோய் நிற்கிறான்.' 'மார்கரெட்டின் கண்ணில் நீர்.' உறைந்து நிற்பவனை வைத்துக்கொண்டு கீப்பர் அடுத்த பதிவில் என்ன செய்ய முடியும்?

இன்னொரு கூட்டம் சுருக்கமாக "என்ன செய்கிறீர்கள்?" என்று முடிக்கும். 2010-ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது வேதவாக்கு. அதை எழுதிய வின்சென்ட் பேக்கர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பகடை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் விழுந்தால் கிடைக்கும் அந்த அரைகுறை வெற்றி எழுத்தாட்டத்துக்கு வாய்த்த வரம். ஒரே உருட்டலில் இரண்டு பதிவுக்கான தீனி கிடைத்துவிடும். கேள்வி விஷயத்தில் மட்டும் அவர் சீடர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மேசையில் அந்தக் கேள்வியோடு ஜிஎம்மின் கண்ணும் சேர்ந்து வருகிறது. அவர் யாரைப் பார்க்கிறாரோ அவர் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் அந்தக் கண் இல்லை. எல்லோரையும் கேட்டால் யாரையும் கேட்காத மாதிரிதான்.

எங்கள் கீப்பர் அந்தப் பதிவை முடித்த விதம் எனக்கு இன்னமும் மனப்பாடம்: "ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஏணி அதிர்கிறது, யாரோ இரண்டிரண்டு படியாக இறங்குகிறார்கள், வராந்தாவில் ஹோட்டல் சிப்பந்தி 'உள்ளே எல்லாம் சரிதானே சார்?' என்று கதவைத் தட்டுகிறார். டாக்டர், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்."

இதில் கேள்வி என்று எதுவும் இல்லை. ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது, நடுவில் ஒருவர் பெயர். ஏணியா கதவா என்று மற்ற நால்வரும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டாக்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைவிட நுட்பம், யாருமே எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் அந்த வரியிலேயே இருப்பது. இரண்டு நாள் மௌனம் என்றால் கதவு திறக்கும், ஏணிக்காரன் தப்பிவிடுவான். கீப்பர் யாரையும் நச்சரிக்க வேண்டியதில்லை. கதை தன்பாட்டுக்கு அடுத்த அடி வைக்கும், எழுதாதவருக்கு எழுதாத நஷ்டம். பிடி கொடுக்காமல் பேசுவது என்று நாம் சிலரைச் சொல்வோமே, அவர்களுக்கு நேர் எதிரான ஜாதி இவர். வரிக்கு வரி பிடி.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒருவரையே தொடர்ந்து இரண்டு பதிவில் கூப்பிடமாட்டார். வேலைப்பளுவில் யாராவது காணாமல் போனால் அந்தக் கேரக்டரைக் கீழே லாபியில் டெலிபோன் பேச அனுப்பிவிடுவார். திரும்பி வரும்போது அந்தப் போனில் என்ன செய்தி வந்தது என்பதோடு வரலாம். வராதவரின் கேரக்டரைக் கொன்று பாடம் புகட்டும் ஜிஎம்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஆட்டத்தில் கடைசியில் மிஞ்சுவது பாடம் மட்டும்தான்.

இந்தக் கலைக்கு நாம் நினைப்பதைவிட வயது அதிகம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது 1974-ல். அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, 1963-ல், ஜான் போர்ட்மேன் 'கிரௌஸ்டார்க்' என்ற கையடக்க இதழ் நடத்தித் தபாலில் 'டிப்ளமசி' பலகையாட்டம் ஆட வைத்தார். தபால் போய்த் திரும்பும் காலத்தை மிச்சம் பிடிக்க அந்த ஆட்டக்காரர்கள் நிபந்தனை உத்தரவு எழுதப் பழகினார்கள்: இன்னது நடந்தால் இது, நடக்காவிட்டால் அது. எங்கள் கீப்பர் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். கால் ஆஃப் குதுலுவின் ஏழாம் பதிப்பில் அடி வாங்கப்போகிறவர் விலகுவதா, திருப்பி அடிப்பதா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மேசையில் அரை நொடி. எழுத்தில் ஒரு நாள். சண்டை தொடங்குமுன்பே எங்கள் எல்லோரிடமும் நிரந்தர உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டார், அதில் ஒரு 'ஆனால்' மட்டும் அனுமதி. என்னுடையது: 'விலகுவேன், ஆனால் மார்கரெட் பின்னால் நின்றால் திருப்பி அடிப்பேன்.' நாலு சுற்றுச் சண்டை ஒரு வாரத்துக்குள் முடிந்தது. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் ஷீல்டு மந்திரத்தை வைத்துக்கொண்டு எழுத்தில் ஆடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடி விழுந்தது தெரிந்த பிறகுதான் மந்திரம் போடலாம். ஒவ்வொரு அடிக்கும் ஆட்டம் நின்று மந்திரவாதியின் பதிலுக்குக் காத்திருக்கும்.

எழுத்தில் ஆடினால் பகடையின் விறுவிறுப்பு போய்விடும் என்று மேசைக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். கை நிறையப் பகடையைக் குலுக்கும் சத்தத்துக்கு ஈடு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும் இடங்களும் உண்டு. எதிரே இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கும் சைக்காலஜி உருட்டலைக் கீப்பர் திரைக்குப் பின்னால் உருட்டினாலும் சத்தம் கேட்கும். கேட்டவுடனேயே எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும். எழுத்தில் உருட்டல் நடந்ததே யாருக்கும் தெரியாது. "அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று உங்களுக்குப் படுகிறது" என்று ஒருவருக்கு மட்டும் தனிச் செய்தி வரும். அது வெற்றியா தோல்வியா? லண்டனில் ஒரு கடைக்காரரை நம்பியது தோல்வி என்று எனக்குக் கெய்ரோ போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஸானிட்டி கலங்கியவருக்கு மட்டும் வேறு மாதிரி ஒரு அறை வர்ணனையை அனுப்பிவிட்டுப் பொதுப் பதிவில் ஒன்றும் தெரியாதவர் போல இருப்பதெல்லாம் மேசையில் சுலபத்தில் நடக்காது.

தோற்ற உருட்டலை மறுபடி முயலும் 'புஷ்' விதியும் எங்கள் கீப்பர் கையில் வேறு உயரத்துக்குப் போனது. மறுமுயற்சியும் தோற்றால் என்ன ஆகும் என்று கீப்பர் முன்கூட்டியே கோடிகாட்டலாம் என்கிறது விதி. பலர் "மோசமாக ஏதாவது நடக்கும்" என்று தட்டிக்கழிப்பார்கள். இவர் அதைத்தான் பதிவின் கடைசி வரியாக வைப்பார்: "பூட்டை இன்னொரு முறை நெம்பலாம், கம்பி உடைந்தால் மாடியில் எரியும் விளக்கு அணையும்." விளக்கை அணைப்பது யார் என்பதைச் சொல்லமாட்டார். நெம்புவதா வேண்டாமா என்று நாங்கள் மூன்று நாள் எங்களுக்குள் சண்டை போட்டோம். அந்த மூன்று நாளும் ஆட்டம்தான்.

பயணத்தை இவர் நடத்திய விதத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. கதை நடப்பது 1925-ல், கண்டம் விட்டுக் கண்டம் போகக் கப்பல்தான். மேசையில் 'ஒரு வாரம் கழித்து' என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவார்கள். இவர் அட்லாண்டிக்கில் எங்களை நிஜமாகவே ஒரு வாரம் விட்டுவைத்தார். பொதுப் பதிவு கிடையாது. கேரக்டர்கள் ஊரில் இருப்பவர்களுக்குக் கடிதம் மட்டும் எழுதலாம். போலந்துக்காரர் மிஹாவ் ஓராச்சின் 'டெ புரொஃபுண்டிஸ்' கடிதங்களை மட்டுமே வைத்து ஆட்டம் கட்டுகிறது. அதை முழுசாக ஆட எனக்குப் பொறுமை போதாது, கப்பலில் ஒரு வாரம் சரியான அளவு.

இப்போது வரும் பதிவுகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 2015-ல் 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சி வந்த பிறகு ரோல்பிளே என்றால் நடிப்பு என்றாகிவிட்டது. மைக் முன்னால் நடிப்பவர்கள் நன்றாகத்தான் செய்கிறார்கள், குறையில்லை. அதை எழுத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் குரலுக்குப் பதிலாக மனவோட்டத்தை எழுதத் தொடங்கிவிட்டார்கள். கேரக்டரின் பால்யம், அம்மாவின் மரணம், நெஞ்சில் ஏதோ கனம் என்று மூன்று பத்தி. வெளியே நடந்தது, அவன் தோளைக் குலுக்கினான். பக்கத்தில் நிற்கும் என் கேரக்டருக்கு அவன் நினைப்பது எப்படித் தெரியும்? தோளைக் குலுக்கியதற்கு நான் என்ன பதில் எழுதுவது? ஜிஎம்களும் அதே வழி. சிலர் இயந்திரத்திடம் எழுதி வாங்கிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வழவழவென்று எட்டுப் பத்தி, எல்லாப் பத்தியிலும் மூடுபனி, கடைசியில் 'இனி உங்கள் கையில்' என்று ஒரு கும்பிடு. மறுபக்கம், அரட்டைப் பெட்டியில் ஆடுகிறவர்கள் நிமிஷத்துக்கு ஆறு வரி தட்டுகிறார்கள். காலையில் எழுந்து பார்ப்பதற்குள் கதை மூன்று தெரு தாண்டியிருக்கிறது. ஒருநாள் யோசித்து எழுதுவதற்கான அவகாசம்தான் இந்த வடிவத்தின் சொத்தே. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மேசையோடு வேகத்தில் போட்டி போட்டு என்ன லாபம்?

எங்கள் மாஸ்க்ஸ் முடிந்தபோது எனக்கு ஒரு கேள்வி இருந்தது. உலகத்தைக் காப்பாற்றியாகிவிட்டது, செய்ய இனி ஒன்றும் பாக்கியில்லை; அந்தப் பதிவுக்கு இவர் எப்படிப்பட்ட கடைசி வரி போடுவார்? பின்கதை எழுதவே இல்லை. உயிரோடு மிஞ்சியவர்கள் ஆளுக்கு ஒரு பத்திரிகை நறுக்கு எழுதிக் கொடுங்கள், பத்திரிகை ஆசிரியராக நான் திருத்திப் போடுகிறேன் என்றார். மார்கரெட்டை ஆடியவர் மொம்பாசாவிலிருந்து வந்திறங்கிய வீராங்கனையின் பேட்டியை லண்டன் நாளிதழ் ஒன்றின் பாணியில் அமர்க்களமாக எழுதினார். கீப்பர் அதைத் திருப்பி அனுப்பினார்: கப்பல் கரை சேர்வதற்கு நான்கு நாள் முன்பே நீங்கள் பேட்டி கொடுத்திருக்கிறீர்கள். அவர் தேதியை மாற்ற மறுத்தார், மார்கரெட் அப்படித்தான் என்றார். கீப்பர் விட்டுக்கொடுத்தார், ஆனால் மறுநாள் இதழ் என்று சொல்லி ஒரு நறுக்கை அவரே சேர்த்தார். 'திருத்தம்' என்று தலைப்பு. நேற்றைய பேட்டியைக் கொடுத்தவர் மார்கரெட் அல்ல என்று தெரியவருகிறது, அந்தப் பெண்ணைப் பற்றி டாக்டருக்கு ஏதேனும் தெரிந்திருக்கலாம் என்று இரண்டே வரி. முடிந்துபோன ஆட்டம் அதற்கப்புறம் மூன்று வாரம் ஓடியது.