தையல்காரர் எழுதிய நீண்ட கடிதம்

1966 முதல் 1969 வரை ஓடிய முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கப்பலைச் செலுத்தும் சுலுவுக்கு முழுப்பெயர் கிடையாது. மூன்று சீசன்கள் முடிந்த பிறகும் அவர் வெறும் சுலுதான். 1981இல் வோண்டா மெக்கின்டயர் தன் ‘தி என்ட்ரபி எஃபெக்ட்’ நாவலில் அவருக்கு ஹிகாரு என்று பெயர் வைத்தார். ரசிகர்கள் அதை அன்றே ஏற்றுக்கொண்டார்கள். திரைக்கு அந்தப் பெயர் வந்துசேர்ந்தது 1991இல், ஆறாவது படத்தில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் விதி இது: திரையில் வந்தது மட்டுமே நடந்த கதை, நாவலில் வந்தது எதுவும் கணக்கில் சேராது. நடந்த கதைக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் சொல் ‘கேனன்’. அந்த வரையறைப்படி பார்த்தால், தொடரின் சின்னத்தை அட்டையில் தாங்கி, முறையான உரிமம் பெற்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒப்புதல் வாங்கி வெளியாகும் இந்த நாவல்கள் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டு அதிகாரபூர்வமாகவே மறுக்கப்படும் புத்தகங்கள். இலக்கியத்தில் இப்படியொரு விசித்திரமான பிறப்பு வேறு எந்த வகைக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. நடக்காத கதை என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒன்றை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? வாங்கிப் படித்துவிட்டு எதை வைத்து எடைபோடுகிறார்கள்?

தொடக்கத்தில் தேவை எளிமையாக இருந்தது. 1967இல் ஜேம்ஸ் பிளிஷ் எபிசோட்களைச் சிறுகதைகளாக எழுதித் தரத் தொடங்கினார். வீடியோ கேசட் வீடுகளுக்கு வராத காலம். மறு ஒளிபரப்பைத் தவறவிட்டவருக்கு அந்தப் புத்தகம்தான் எபிசோட். பிளிஷ் திரைக்கதைப் பிரதிகளை வைத்து எழுதியதால் ஒளிபரப்பானதற்கும் அச்சானதற்கும் ஆங்காங்கே வேறுபாடு இருந்தது. ‘இது வேறு மாதிரி நடந்ததே’ என்கிற ரசிகர் சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது. 1970இல் அவரே ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ என்ற புதுக் கதையை எழுதினார். 1979இல் முதல் திரைப்படத்தோடு பாக்கெட் புக்ஸ் நிறுவனம் களத்துக்கு வந்த பிறகு நாவல்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. பெரும்பாலானவை ஒரு வார ரயில் பயணத்துக்குப் போதுமானவை, அவ்வளவே. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

விதிவிலக்குகள்தான் சுவையானவை. 1984இல் வெளிவந்த ஜான் எம். ஃபோர்டின் ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்’ அப்படிப்பட்டது. அதுவரை வில்லன்களாக மட்டுமே வந்துபோன கிளிங்கான்களின் கண் வழியாகவே முழுக் கதையும் நகர்கிறது. தொடரின் நாயகர்களான கிர்க்கும் ஸ்பாக்கும் ஓரத்தில் வந்துபோவதோடு சரி. கிளிங்கான்களுக்கென்று ஒரு சதுரங்கம், ஒரு மறுமை நம்பிக்கை, ஒரு குடும்ப முறை எல்லாவற்றையும் ஃபோர்ட் கட்டியெழுப்பினார். 1987இல் தொடங்கிய ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடர் கிளிங்கான்களை முற்றிலும் வேறு பாதையில் கொண்டுபோனது. ஃபோர்டின் கிளிங்கான்கள் நடக்காதவர்கள் ஆனார்கள். பழைய ரசிகர்களைக் கேட்டால், திரை தேர்ந்தெடுத்த கிளிங்கானைவிட ஃபோர்டின் கிளிங்கானே உண்மையானவன் என்று இன்றும் வாதாடுவார்கள். வீரர்கள் இறந்த பின் சேரும் கறுப்புக் கப்பற்படை என்ற அவருடைய கற்பனை 2017இல் ‘டிஸ்கவரி’ தொடரில் எட்டிப்பார்த்தபோது, முப்பத்து மூன்று ஆண்டு வழக்கில் பாதித் தீர்ப்பு கிடைத்ததுபோல் அவர்கள் மகிழ்ந்தார்கள்.

மேலிடத்துக் கண்காணிப்பின் கதையும் ரசிகர்களின் நினைவில் தனியாகப் பதிந்திருக்கிறது. 1985இல் வந்த டெல்லா வான் ஹைஸின் ‘கில்லிங் டைம்’ நாவலில், கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் இடையே நட்புக்கு மேலான ஒன்றை உணர்த்தும் பத்திகள் இருந்தன. நீக்கச் சொன்ன அந்தப் பத்திகளோடே முதல் பதிப்பு அச்சாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற்று, திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். தப்பிப் பிழைத்த பிரதிகள் சேகரிப்பாளர்களின் அலமாரியில் மரியாதையோடு நிற்கின்றன. நாவல் சுமார்தான் என்று சொல்பவர்கள்கூடப் பழைய பதிப்பை விற்க மாட்டார்கள்.

பிற தொடர்களில் நிலைமை வேறு. ‘டாக்டர் ஹூ’ 1989இல் நிறுத்தப்பட்டபோது, வர்ஜின் நிறுவனம் 1991 முதல் 1997 வரை வெளியிட்ட நாவல்கள்தான் ஏழாவது டாக்டரை உயிரோடு வைத்திருந்தன. எழுதியவர்களில் பலர் ரசிகர்களாக இருந்து எழுத்தாளர்களானவர்கள். பால் கார்னெலின் 1995ஆம் ஆண்டு நாவலான ‘ஹியூமன் நேச்சர்’ 2007இல் அவர் கையாலேயே எபிசோடானது. தொடரை 2005இல் மீட்டெடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸும் அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதியவர். அங்கே நாவல் பக்கவாட்டில் ஓடிய கிளையாறு அல்ல. வறண்ட காலத்தில் ஆறே அதுதான். ‘பாபிலோன் 5’ இன்னொரு வகை. உருவாக்கியவரான ஸ்ட்ராசின்ஸ்கியே சில நாவல்களை நடந்த கதையாக ஏற்பதாக அறிவித்தார். கேத்ரின் டிரெனன் எழுதிய ‘டு ட்ரீம் இன் தி சிட்டி ஆஃப் சாரோஸ்’ அவற்றில் ஒன்று. ரசிகர்கள் அதை மனதாரப் பாராட்டுகிறார்கள். தொடக்கத்தில் வந்த மற்ற நாவல்களை மறந்துவிடவே விரும்புகிறார்கள்.

ஆனால் படைப்பாளியின் முத்திரை இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த ‘வாயேஜர்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி டெய்லர் 1996இல் ‘மொசைக்’ என்ற நாவலில் கேப்டன் ஜேன்வேயின் இளமைக்காலத்தை எழுதினார். அவர் பொறுப்பில் இருந்தவரை அந்த நாவலின் தகவல்கள் தொடருக்குள்ளும் புழங்கின. இத்தனை அதிகாரம் இருந்தும், ரசிகர்கள் அதை நல்ல தகவல் நூலாக மதிக்கிறார்களே தவிர மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. அவர்கள் கொஞ்சுவது எந்த அதிகாரமும் இல்லாத ஒரு நடிகர் எழுதியதை.

ஸ்டார் ட்ரெக்கின் இன்னொரு தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’இல் (1993-1999) எலிம் காரக் முதல் சீசனிலேயே வந்துவிடுகிறார். கார்டேசியர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தார் விட்டுச்சென்ற விண்வெளி நிலையத்தில் தங்கிவிட்ட ஒரே கார்டேசியர். தையல் கடை வைத்திருக்கிறார். முன்னாள் உளவாளி என்று எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். தான் சாதாரணத் தையல்காரன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஏன் நாடுகடத்தப்பட்டீர்கள் என்று மருத்துவர் ஜூலியன் பஷீர் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு கதை வரும், எல்லாம் ஒன்றுக்கொன்று முரண்படும். இந்தப் பாத்திரத்தை நடித்தவர் ஆண்ட்ரூ ராபின்சன். 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கொலைகாரனாக வந்து பயமுறுத்தியவர். ரசிகர் மாநாடுகளில் வாசித்துக் காட்டுவதற்காகக் காரக்கின் நாட்குறிப்பு என்று சில பக்கங்கள் எழுதினார். அது வளர்ந்து 2000ஆம் ஆண்டில் ‘எ ஸ்டிட்ச் இன் டைம்’ என்ற நாவலாக வந்தது. டீப் ஸ்பேஸ் நைன் நாவல் வரிசையில் 27ஆவது.

முழு நாவலும் பஷீருக்குக் காரக் எழுதும் கடிதம். மூன்று காலங்கள் மாறிமாறி வருகின்றன: சிறுவயதுப் பயிற்சிப் பள்ளி, தொடரில் வரும் போரின் கடைசி நாட்களில் நிலையத்து வாழ்க்கை, எண்பது கோடிப் பேரைப் பறிகொடுத்த கார்டேசியாவின் இடிபாடுகள். தொடர் போகிற போக்கில் தூவிய விதைகளை ராபின்சன் பொறுக்கியெடுத்து நட்டிருக்கும் விதத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ரோமுலஸ் தூதரகத்தில் தோட்டக்காரனாக இருந்தேன் என்று ஏதோ ஒரு எபிசோடில் காரக் சொல்வார், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நாவலில் அந்த ஒரு வரியிலிருந்து டோலன் என்ற வளர்ப்புத் தந்தை முளைக்கிறார். அவர் தோட்டக்காரர். ஆர்க்கிட் செடிகளை வளர்க்கக் கற்றுத்தருகிறவர். அந்தத் தோட்ட வேலையே பின்னால் ஒரு கொலைக்கு மறைப்பாகிறது. ‘தி டை இஸ் காஸ்ட்’ எபிசோடில் பார்மக் என்ற மருத்துவரின் பெயர் ஒரே ஒருமுறை அடிபடும். நான்கு மணி நேரம் ஒன்றும் பேசாமல் வெறித்துப் பார்த்தே காரக் அவரை உடைத்தார் என்ற கதை. நாவலில் அதே பார்மக், போருக்குப் பின் இடிபாடுகளில் பிணங்களை அகற்றும் குழுவில் காரக்கோடு தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார். காரக்கின் கண்களைப் பார்க்க அவருக்கு இன்னும் கூசுகிறது. என் வாசிப்பில் நாவலின் உச்சம் இந்த இருவரும்தான்.

பயிற்சிப் பள்ளியில் மாணவர்களுக்குப் பெயர் கிடையாது. காரக் அங்கே ‘டென் லூபக்’. வெட்டவெளிப் பயிற்சியின்போது ரெக்னார் என்ற ஒரு பல்லியைப் பிடித்து வளர்க்கிறான். அது கல்லோடு கல்லாக மறைந்துபோவதைப் பார்த்து, அசையாமல் இருப்பதைக் கற்றுக்கொள்கிறான். திரையில் காரக் ஒரு அறையின் மூலையில் நின்றால் ஏன் யாருக்கும் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் தோன்றியிருக்காது. ஏழு ஆண்டுகள் அந்த உடலுக்குள் நின்றவருக்கே தோன்றும்.

ரசிகர்கள் இந்நாவலைத் தூக்கிப்பிடிக்கும்போது சொல்லும் முதல் காரணம் குரல். படிக்கும்போது காதில் காரக் பேசுகிறார் என்பார்கள். இது சும்மா புகழ்ச்சி இல்லை. தொடர்களை ஒட்டி எழுதப்படும் ‘டை-இன்’ நாவல்களின் பொதுநோய் இதுதான்: பாத்திரங்கள் எபிசோடில் பேசிய வசனங்களை எழுத்தாளர் திருப்பிச் சொல்லவைப்பார். கேப்டன் தேநீர் கேட்பார், வல்கன் புருவம் உயர்த்துவார். அடையாள அட்டையைக் காட்டுவதுபோல் அது. ராபின்சனுக்கு அந்தத் தேவை இல்லை. காரக் திரையில் ஒருபோதும் செய்யாததை, அதாவது நேரடியாகப் பேசுவதை, நாவலில் செய்கிறார். அப்படியும் அது காரக்காகவே இருக்கிறது.

எதிர்ப்பும் அங்கிருந்தேதான் கிளம்புகிறது. காரக் நேரடியாகப் பேசலாமா? பொய்யும் மெய்யும் பிரியாத ஒருவனின் ரகசியங்களை அடுக்கி வைத்து, இதோ தந்தை, இதோ காதலி, இதோ நாடுகடத்தலின் காரணம் என்று காட்டிவிட்டால் மிச்சம் என்ன? ‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் 1997இல் மார்க் பிளாட்டின் ‘லங்பாரோ’ நாவல் டாக்டரின் பிறப்பை விளக்கியபோது போட்ட சண்டையும் இதே சாயல்தான். மூடியிருந்த கதவின் பின்னால் என்ன இருக்கிறது என்று சொன்னால் கதவு வெறும் பலகையாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. கடித வடிவம் இந்தக் குற்றச்சாட்டைப் பாதி தணிக்கிறது என்று நினைக்கிறேன். எழுதுகிறவர் காரக், படிக்கப்போகிறவர் பஷீர். நண்பருக்கு முன்னால் நல்லவனாக நிற்க விரும்பும் ஒருவர் எழுதியது எத்தனை உண்மை? கூர்ந்து படித்த ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நாவலில் வரும் தகவல்களையும் காரக்கின் இன்னொரு கதையாகவே எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். விளக்கமும் கிடைத்தது, மர்மமும் போகவில்லை. சாமர்த்தியமான தீர்வு, கொஞ்சம் வசதியானதும்கூட.

மற்ற குறைகளும் நியாயமானவை. பள்ளிப் பகுதி நீளம். போட்டி, பகை, பழிவாங்கல் என்று அது ஆங்கில விடுதிப்பள்ளிக் கதைகளின் தடத்திலேயே போகிறது. பலாண்டைன் என்ற பெண்ணோடு காரக்குக்கு இருக்கும் நெடுநாள் காதல் பலரைக் குழப்பியது. காரக் பஷீரிடம் ஈர்க்கப்பட்டவர் என்ற எண்ணத்தோடுதான் முதல் சந்திப்பை நடித்தேன் என்று ராபின்சன் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். அதைத் திரையில் கண்டுகொண்ட ரசிகர்கள், அவர் எழுதிய நாவலில் ஒரு பெண்ணைத் தேடித் தவிக்கும் காரக்கைக் கண்டு ஏமாந்தார்கள். வேறு சிலர், கடிதம் யாருக்கு எழுதப்படுகிறது என்று பாருங்கள் என்றார்கள். 2000ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற ஒரு நாவலில் எவ்வளவு எழுத முடியும் என்ற கேள்விக்கு, 1985இல் திரும்பப் பெறப்பட்ட அந்தப் பதிப்பே பதில் சொல்லும்.

இந்த நாவலுக்குப் பிறகு வரிசையே திசைமாறியது. 2001இல் எஸ். டி. பெர்ரியின் ‘அவதார்’ இரண்டு பாகங்களோடு, முடிந்த தொடரை நாவல்களே தொடர்ந்து நடத்தத் தொடங்கின. கார்டேசியாவை ராபின்சன் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டவர் ஊனா மெக்கார்மக். அவருடைய ‘தி நெவர்-எண்டிங் சாக்ரிஃபைஸ்’ (2009), போரில் நொறுங்கிய ஒரு சமூகத்தை ஒரு சிறுவன் வழியாகச் சொல்கிறது. ரசிகர்கள் நல்ல ஸ்டார் ட்ரெக் நாவல் என்ற அடைமொழியை எடுத்துவிட்டு நல்ல நாவல் என்று மட்டும் சொல்வது அபூர்வம். இதை அப்படிச் சொல்கிறார்கள். டேவிட் மேக்கின் ‘டெஸ்டினி’ மூன்று பாகங்கள் (2008) போர்க் என்ற இனத்தின் கதையையே முடித்துவைத்தன. அளவில் பிரமாண்டம், சாவும் அதே அளவு.

2020இல் ‘பிக்கார்ட்’ தொடர் திரைக்கு வந்தது. இருபது ஆண்டு நாவல்கள் கட்டிய எதிர்காலம் ஒரே நாளில் செல்லாததாயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ வாசகர்களுக்கு 2014இல் இதே அடி விழுந்தபோது, பழைய நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்தார்கள். ஸ்டார் ட்ரெக் எழுத்தாளர்கள் வேறு வழி கண்டார்கள். டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் மூவரும் 2021இல் ‘கோடா’ என்ற மூன்று பாகங்களில் நாவல்களின் காலவோட்டத்தையே கதைக்குள் வைத்து அழித்தார்கள். தாங்களே கட்டியதைத் தாங்களே முறையாக முடித்துவைத்தார்கள் என்று ஒரு சாரார் கைதட்டினார்கள். இன்னொரு சாரார் கோபப்பட்டார்கள். நடக்கவே இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லப்பட்ட கதையை எதற்காகக் கொல்ல வேண்டும், அது பாட்டுக்கு அலமாரியில் இருந்திருக்குமே என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இரண்டாம் கட்சியே சரியாகப் படுகிறது. கேனனுக்கு வாசகன் கொடுக்காத மரியாதையை இங்கே எழுத்தாளர்கள் கொடுத்துவிட்டார்கள்.

‘எ ஸ்டிட்ச் இன் டைம்’ இந்தச் சண்டைகளுக்கு வெளியே தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. நெடுங்காலம் அச்சில் இல்லாமல், பழைய பிரதிகள் நல்ல விலைக்குக் கைமாறின. 2023இல் ராபின்சனே தன் குரலில் வாசித்த ஒலிநூல் வந்தது. அடுத்த ஆண்டு ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூன் தொடரின் கடைசி சீசனில் வேறொரு பிரபஞ்சத்துக் காரக்கும் இன்னொரு பிரபஞ்சத்துப் பஷீரும் கணவர்களாக வந்தார்கள். குரல் கொடுத்தவர்கள் ராபின்சனும், தொடரில் பஷீராக நடித்த அலெக்சாண்டர் சித்திக்கும்தான். காலங்காலமாக இதைச் சொல்லிவந்த ரசிகர்கள் கொண்டாடினார்கள். பலாண்டைனைப் பிடிக்காதவர்கள் இன்னும் அதிகமாகவே கொண்டாடினார்கள். வேறு பிரபஞ்சத்தில் நடந்ததை நம் காரக்கின் கணக்கில் எழுத முடியாது என்று விதிமுறைக்காரர்கள் உடனே கிளம்பினார்கள். பார்மக்கின் கட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இடிபாடுகளில் காரக்கோடு நின்றவர் யார் என்று அவர்கள் நாவலின் பக்க எண்ணைச் சொல்லி வாதாடுகிறார்கள்.