காதைப் பழக்குவது எங்கே?

எடப்பாடியில் எங்களுக்கு அடுத்த தெருவில் விசைத்தறி வைத்திருக்கிறவர் ஒருவர், போன மாதம் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன். ஒலிப்பதிவுதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். சென்னையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷத்தில் சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்களாம்.

"ஒரு சோடித் தறிய வித்தா பீசு கட்டிப்போடலாமுங்க. நீங்க சினிமாவப் பத்தியெல்லாம் எழுதறீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

கதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்பதில் உள்ள அபாயம் அவருக்குத் தெரியவில்லை. நான் யோசனை சொல்லாமல், பையனை உட்காரவைத்து, பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

2019-இல் வந்த படம் அது. திரையில் தெரிகிற முகம் ஒன்றே ஒன்றுதான். போலீஸ் நிலையத்தில் விசாரிக்கிற அதிகாரிகளும் மற்றவர்களும் வெறும் குரல்களாகவே வந்து போகிறார்கள். நாடகத்திலே இதைச் செய்தால் தந்திரம் என்று சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு குரல் மேஜைக்கு அப்பாலிருந்து வருகிறது, இன்னொன்று முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, வேறொன்று கதவருகே போய்த் திரும்புகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காதே சொல்லிவிடுகிறது. பின்னணி இசை சில இடங்களில் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது என் அபிப்பிராயம். அது இல்லாமலே அந்த அறை நிரம்பித்தான் இருந்தது. அந்த வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதுகளில் இறுதி ஒலிக்கலவைக்கான விருது இதற்காக ரசூல் பூக்குட்டிக்குக் கிடைத்தது.

அவர் பூனா திரைப்படக் கல்லூரியில் படித்து 1995-இல் வெளியே வந்தவர். ஆஸ்கார் வாங்கியது 2009-இல். நடுவில் பதினான்கு வருஷம். இந்தக் கணக்கைப் பையனிடம் சொன்னேன். ஒரு வருஷத்துச் சர்ட்டிபிகேட்டைப் பற்றி நான் கேலி செய்வதாக நினைத்து முகத்தைச் சுளித்தான். கேலி இல்லை. அப்படிப்பட்ட பள்ளிகளில் ஒன்றின் பாடத்திட்டத்தை அவனே கொண்டுவந்திருந்தான். வரிக்கு வரி யந்திரங்களின் பெயரும் கம்ப்யூட்டர் மென்பொருள்களின் பெயரும்தான். அவன் படித்து முடிப்பதற்குள் அவற்றில் பாதி மாறிவிடும். சமையல் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுப்பை மட்டும் விளக்குகிற மாதிரி.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஒலி என்பது ஒரு தொழில் அல்ல. 'லகான்' படத்துக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருது வந்தபோது, அதை நகுல் காம்தே, எச். ஸ்ரீதர் என்று இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே, புழுதியிலும் காற்றிலும் பேச்சைப் பிடித்தவர் ஒருவர். எல்லாவற்றையும் அறைக்குள் உட்கார்ந்து கலந்தவர் மற்றவர். முன்னவருக்கு வேண்டிய பொறுமை வேறு, பின்னவருக்கு வேண்டிய பொறுமை வேறு. பையன் எதை விரும்புகிறான் என்று அவனுக்கே தெரியாது. தெரியாததற்கு முன்னால் தறியை விற்பது எப்படி?

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு வேறு வழி இருந்தது. பஞ்சாலைத் தொழிலைக் கற்க இங்கிலாந்திலே லீட்ஸ் வரை போய்வந்த டி. ஆர். சுந்தரம், 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்தார். நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். எடுபிடியாய் நுழைந்து, கம்பி சுற்றி, மைக் பிடித்துத் தொழில் கற்கிற காலம் அது. இன்று அங்கே முகப்பு வளைவுதான் நிற்கிறது. சென்னையிலும் கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு எடுபிடிகள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

மிச்சமிருக்கிற குரு நம் ஊர் மைக் செட்காரர்தான். சிரிக்கவேண்டாம். பழனிக்குக் காவடிக் கூட்டம் புறப்படுகிற சமயத்தில் அவர் வேலையைப் பார்த்திருக்கிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்பவனுக்கு, அதன் பேச்சு முதலில் கேட்கும். மேடைப் பேச்சு கால் நொடிக்கும் மேலே தாமதித்து வந்து அதன்மேல் இடறும். இந்தக் கணக்கு ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏணி வைத்து ஏறி, ஒலிபெருக்கியை அரைச் சாண் திருப்பிவிட்டு இறங்குவார்; குழப்பம் குறைந்திருக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஏன் தெரியவேண்டுமானால் தரமணிக்குப் போகவேண்டும். அங்கே அரசாங்கத் திரைப்படக் கல்லூரியில் ஒலிக்கென்றே நாலு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. பூனாவோ கல்கத்தாவோ வேண்டுமானால் முதலில் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஆகவே என் தீர்ப்பு இது: ஒரு முகூர்த்த சீசன் முழுவதும் மைக் செட்காரரோடு ஏணி தூக்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தரமணிக்கு மனுப் போடட்டும். இடம் கிடைக்காவிட்டால் இயற்பியல் பட்டம் படித்துவிட்டுப் பூனாவைப் பார்க்கட்டும். தறி இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். பையன் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வருஷக்கணக்காக நாள்முழுதும் இருந்தால் காது பழுதாகும். பழுது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆரம்பிக்கும். பேச்சு கேட்கும், ஆனால் 'ச'வும் 'த'வும் மங்கும். மங்கியது என்று கெட்டவனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியில் படித்தும் பிரயோசனமில்லை. ஆகவே சேலத்துக்குப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

"ஏனுங்க?" என்றார் தகப்பனார். திருப்பிச் சொன்னேன். மறுபடியும் "ஏனுங்க?" என்றார். பையன் அவர் காதருகே குனிந்து, உரத்த குரலில் விளக்கினான்.

போன வாரம் இரண்டு பேரும் போய்வந்தார்கள். காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான் பையன். அவனுடைய கோடு ஏறக்குறைய நேராகவே ஓடியது. டாக்டர் சொன்னார் என்று தகப்பனாருக்கும் எடுத்திருந்தார்கள். முப்பது வருஷத் தறி. அந்தக் கோடு 4000-ல் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. பையன் அதைத்தான் என்னிடம் முதலில் நீட்டினான்.