லேலண்டின் உறுமலும் முதல் படியும்

தாம்பரத்தில் கிளம்பி வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம் என்று சுற்றி, கோவளத்தைத் தொட்டு மாமல்லபுரம் போகிறது 515. அதற்காகக் காத்து நிற்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வண்டி வந்தால் போதும். பேருந்து ரசிகர்களான சிலருக்கு மட்டும் வருவது எந்த வண்டி என்பது முக்கியம். தோளில் கல்லூரிப் பை, கையில் கைபேசி. வளைவில் பேருந்தின் முகம் தெரிவதற்குள் சத்தத்தை வைத்தே "பழைய வைகிங்டா" என்று அசோக் லேலண்ட் மாடலின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எண்பலகையில் 'என்' எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கங்கள், டிப்போக் குறி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முடியும் தேதி எல்லாம் படமாகிவிடும். வீட்டுக்குப் போய் ஃபோம் ஷீட்டை வெட்டி அதே வண்டியைச் சிறிதாகச் செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசி விளையாட்டில் இந்தோனேசியப் பேருந்துக்கு நம் ஊர் வண்ணம் பூசி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு இப்போது விருந்துக் காலம். 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தளப் பேருந்துகளைச் சாலையில் இறக்கியது. 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அடுத்த ஆகஸ்டிலேயே தெற்குப் பக்கம் பெரும்பாக்கம் டிப்போவிலிருந்து 55 குளிர்சாதன மின்சாரப் பேருந்துகள். பழையதும் புதியதும் ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒப்பிடாமல் இருக்க முடியுமா? எது நல்ல வண்டி, எது கெட்டி, எதில் பிக்கப் அதிகம், எது மழைக்குத் தாங்கும் என்று விவாதம் ஓய்வதில்லை.

வெட்டிப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் அதைக் கவனித்துக் கேட்டதில்லை. பயணிக்கு எல்லாப் பேருந்தும் பேருந்துதான். ரசிகருக்கு சேசிஸ் வேறு, பாடி வேறு. ஒரே அசோக் லேலண்ட் சேசிஸ் மேல் எந்தப் பட்டறை பாடி கட்டியது என்பதை ஜன்னல் கம்பியின் வளைவிலும் பின்பக்க விளக்கின் வடிவத்திலும் கண்டுபிடித்துவிடுவார். முன்பக்க என்ஜின் வண்டியில் பானெட்டை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தால் கால் வேகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் வேகிறது, என்ஜினைப் பின்னால் கொண்டுபோனால் முன்பக்கத் தளம் எப்படித் தாழ்கிறது, தளம் தாழ்ந்தால் சக்கரத்தின் மேல் வரும் மேட்டில் இருக்கைகள் எப்படி ஏறி உட்கார்கின்றன, மொத்த இருக்கைகள் ஏன் குறைகின்றன என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் புரியவைக்க இவர்களில் ஒருவர் போதும். அதிகாரபூர்வ அறிவிப்பில் 'நவீன வசதிகள் கொண்ட' என்று ஒரே வரியில் முடிகிற செய்தி, இவர்கள் வாயில் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஏர் சஸ்பென்ஷனுக்கும் உள்ள வித்தியாசமாக விரிகிறது. கேளம்பாக்கம் சாலையின் வேகத்தடைகளில் முதுகு வாங்கும் அடிக்கு இதைவிடத் துல்லியமான உரை கிடைக்காது.

இன்னொரு பலம், ஞாபகம். 18ஏ தடத்தில் பிராட்வேக்கும் தாம்பரத்துக்கும் இடையே மாடி பஸ் ஓடியதை இன்றைய கல்லூரி மாணவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது ஓடியது, எப்படி இருந்தது என்ற விவரமெல்லாம் யாரோ ஒருவர் எடுத்து வைத்த படத்தில்தான் உயிரோடு இருக்கிறது. பேருந்து நமக்கு ஒரு தளவாடம். ஆயுள் முடிந்தால் ஏலம், பிறகு உடைசல். 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய நிறுவனம் எத்தனையோ வகை வண்டிகளை ஓட்டியிருக்கிறது. அவற்றைப் பற்றிப் பயணியின் பக்கமிருந்து எழுதி வைத்தவர்கள் இந்த ஆர்வலர்களே. மும்பையில் 2023 செப்டம்பர் 15-இல் பெஸ்ட் நிறுவனத்தின் கடைசி டீசல் மாடி பஸ் மாலையும் அலங்காரமுமாக விடைபெற்றது. அதில் ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று கேட்டு நின்றவர்கள் இதே வகை மனிதர்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பழைய வண்டியை அதன் நல்ல நாளில் வைத்துப் பார்க்கிறார்கள், புதிய வண்டியை அதன் முதல் பிரேக்டவுனில். பழையது 'இரும்பு', புதியது 'தகரம்' என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறக்கிறது.

இரும்பின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 2024 பிப்ரவரி 6. அமைந்தகரை அருகே ஓடிக்கொண்டிருந்த 59-ஆம் தட மாநகரப் பேருந்தின் தளப்பலகை பெயர்ந்து, பெண் பயணி ஒருவர் அந்த ஓட்டைக்குள் விழுந்தார். சக பயணிகள் கத்தி வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தச் செய்தி 2012-ஐ நினைவூட்டியிருக்கும். அந்த ஜூலையில், முடிச்சூர் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஓர் ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகளைத் தமிழ்நாடு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடி அருகே, பேருந்தில் தொங்கியபடி போன மாணவர்கள் நான்கு பேர் லாரி மோதி இறந்தார்கள். கதவில்லாத பேருந்து, திறந்த படிக்கட்டு, காற்று முகத்தில் அடிக்க ஒரு காலில் பயணம் என்றெல்லாம் ரசிகர் உருகிப் பேசும் சுகத்தின் மறுபக்கம் இது. தானியங்கிக் கதவு வந்ததும் 'பஸ் பஸ் மாதிரியே இல்லை' என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த டிசம்பரையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தளப்பலகை பெயர்வது மாடலின் குற்றம் இல்லை, பராமரிப்பின் குற்றம் என்று அவர்கள் வாதிடுவார்கள். சரியான வாதம். அப்படியானால் புதிய வண்டியின் கதவு ஆறே மாதத்தில் மக்கர் செய்தாலும் அதே நியாயத்தைப் பேச வேண்டும். பேசுவதில்லை.

இதைவிட முக்கியமான குறை வேறு. இவர்களின் ஒப்பீடு ஓட்டுநர் இருக்கையிலிருந்து செய்யப்படுகிறது. உறுமல், கியர், ஸ்டியரிங், வேகம் எல்லாமே முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தெரிகிற உலகம். வண்டியில் ஏறுகிறவருக்கு முதல் கேள்வி படி. கோவளம் நிறுத்தத்தில் முட்டிவலி உள்ள ஒரு பாட்டி பழைய உயர்தள வண்டியில் ஏறுவதைப் பார்த்தால் போதும். முதலில் பை மேலே போகும், யாராவது வாங்கிக்கொள்வார்கள். பிறகு இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையைத் தொடையில் ஊன்றி, நல்ல காலை முதல் படியில் வைத்து, உடம்பை ஒரு முறை ஆட்டி எழும்ப வேண்டும். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டால் கதை கந்தல். மூன்றாவது படிக்குப் பிறகுதான் மூச்சு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்தப் படலமே கிடையாது. அவர் நிறுத்தத்திலேயே நின்றுவிடுகிறார்.

தாழ்தள வண்டிகள் சென்னைக்கு வந்த வழியே இந்தக் கேள்விதான். ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் 1,107 பேருந்துகள் வாங்க அரசு முனைந்தபோது, தள உயரம் 900 மில்லிமீட்டர் என்று டெண்டர் கோரப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கும்போது இதை எப்படி ஏற்பது என்று செயற்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குறுகிய சாலை, வேகத்தடை, மழைவெள்ளம் என்று அரசுத் தரப்பு காரணங்களை அடுக்கியது. இழுபறிக்குப் பிறகு 552 பேருந்துகள் தாழ்தளமாக இருக்கும் என்று 2023-இல் முடிவானது. புதிய வண்டியின் தள உயரம் 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தில் இன்னும் சற்றுக் குனிந்தும் கொடுக்கும். எந்தக் குதிரைத்திறன் பட்டியலிலும் இடம்பெறாத இந்த அரை மீட்டர் வித்தியாசம்தான் இரண்டு மாடல்களுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய தூரம்.

வெள்ள வாதத்தில் ரசிகர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. முடிச்சூரும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நிற்பதை 2015-இலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் ஊரே பார்த்தது. முழங்கால் தண்ணீரில் பழைய லேலண்ட் உறுமிக்கொண்டு போகும், தாழ்தள வண்டி டிப்போவில் உட்கார்ந்துவிடும் என்பது வெறும் பழம்பெருமை இல்லை. ஆனால் வருடத்தில் சில நாள் தண்ணீருக்காக மீதி நாள் முழுக்க பாட்டியைத் தொங்கவிட வேண்டும் என்று அதிலிருந்து ஒரு முடிவுக்குப் போவது கணக்குப் பிசகு. சாலை சரியில்லை என்பதற்குச் சாலையைக் கேட்க வேண்டும். அந்த நாட்களுக்கு மட்டும் உயர்தள வண்டிகளைத் தடம் மாற்றி விடலாமா என்று யோசிக்கலாம். எந்த வண்டி எந்தப் பள்ளத்தில் நின்றது என்று அறிந்தவர்கள் இவர்கள்தானே.

ரசிகர் மனம் கொள்கையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஒரு பாடம். 1956-இல் ஓடத் தொடங்கிய ரூட்மாஸ்டர் மாடி பஸ், பின்பக்கம் திறந்த படிமேடையோடு, 2005 டிசம்பர் 9-இல் வழக்கமான சேவையிலிருந்து விலகியது. நீளமான இணைப்புப் பேருந்துகள் பல தடங்களுக்கு வந்தன. சக்கர நாற்காலிக்கு வசதி, நிறையக் கதவுகள், ஆனால் ஊருக்குப் பிடிக்கவில்லை. 2008 மேயர் தேர்தலில் போரிஸ் ஜான்சன் அந்தக் கோபத்தைக் கையில் எடுத்தார். இணைப்புப் பேருந்துகள் 2011-இல் ஒழிந்தன, 2012-இல் புதிய ரூட்மாஸ்டர் வந்தது. வடிவம் அழகு. கோடையில் உள்ளே புழுக்கம், ஜன்னல் திறக்காது. பிறகு 2015-இல் திறக்கும் ஜன்னல் பொருத்த முடிவெடுத்தார்கள். படிமேடைக்காக வைத்த கண்டக்டர்கள் 2016-இல் போனார்கள், மேடையும் மூடியது. எந்த அம்சத்துக்காக ஊர் அழுததோ அது சம்பளக் கணக்கில் நான்கே ஆண்டு தாங்கியது.

நம் ஊரில் ஒப்பீடு இன்னும் இறங்க வேண்டிய இடங்கள் உள்ளன. கோவளம் மீனவர் ஊர். கூடையோடு ஏறும் பெண்ணுக்கு வண்டிக்குள் எங்கே இடம்? 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டியை வாடை அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். ஜன்னல் திறந்த வண்டியிலேயே இந்த நிலை. மூடிய கண்ணாடி, குளிர்சாதனம் என்று வரும்போது அந்தக் கூடை என்ன ஆகும் என்று எந்த மாடல் விவாதத்திலும் கேட்டதில்லை. அதேபோல் கட்டணம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். முகப்பில் இளஞ்சிவப்புப் பூசிய வண்டி வருகிறதா என்று பார்த்துத்தான் பலர் எழுந்திருக்கிறார்கள். குளிர்சாதன வண்டியில் அந்தச் சலுகை இல்லை. சோழிங்கநல்லூரில் வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணுக்கு வைகிங்கா மின்சாரமா என்பது இரண்டாம் கேள்வி. அவர் ஏறக்கூடிய வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதே முதல் கேள்வி. ஒரு தடத்தில் பழைய வண்டிகள் கழிந்து, அதே எண்ணிக்கையில் புதியவை வராவிட்டால், எவ்வளவு நல்ல மாடலும் அங்கே நஷ்டம்தான்.

மின்சாரப் பேருந்துகள் இன்னொரு வகையிலும் புதியவை, அது கண்ணுக்குத் தெரியாத வகை. வண்டி அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் நிறுவனத்துடையது, ஓட்டுநரும் அவர்கள் ஆள். கண்டக்டர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகம். ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. பழைய வண்டி நின்றால் நஷ்டம் கழகத்துக்கு, பழி டிப்போ மெக்கானிக்குக்கு. புதிய வண்டியில் நஷ்டத்தையும் பழியையும் யார் சுமப்பது என்பது ஒப்பந்தத்தின் வரிகளில் இருக்கிறது. உறுமலைக் காதால் அறிகிறவர்கள் இந்த மாற்றத்தை எப்படிக் கண்காணிப்பார்கள்?

அதற்கு வழி இருக்கிறது, அவர்கள் ஏற்கெனவே செய்கிற வேலைதான். ஒப்பந்தம் 12 ஆண்டு. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 200 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லப்பட்ட வண்டி, பேட்டரி கிழடு தட்டிய பிறகு எவ்வளவு ஓடுகிறது, எத்தனை ட்ரிப் விட்டுப்போகிறது, சாய்தளப் பலகை இன்னும் இறங்குகிறதா, தானியங்கிக் கதவு எந்த வண்டியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது என்பதையெல்லாம் எண்பலகையோடு குறித்து வைக்க முதல் ஆண்டுக் கணக்கும் தேவை, கடைசி ஆண்டுக் கணக்கும் தேவை. பெரும்பாக்கம் வண்டிகளுக்கு அந்தக் கடைசி ஆண்டு 2037-இல் வரும். முதல் ஆண்டின் குறிப்புகளை எடுக்க வேண்டியது இப்போது.