பூட்டைத் திறந்தவர்களும் வீட்டுக்குள் இருந்தவர்களும்

1986 ஜனவரி 6 அன்று, ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 8 என்று தேதியிட்டு, அமெரிக்காவில் லாயிட் பிளாங்கன்ஷிப் என்ற இளைஞர் ஒரு சிறு அறிக்கை எழுதினார். ஹேக்கிங் வழக்கில் கைதாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ‘தி மென்டர்’ என்ற புனைபெயரில் ‘ஃபிராக்’ மின்னிதழில் வெளியான அந்த அறிக்கையை, அன்றைய தலைமறைவு ஹேக்கர் உலகம் தன் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதைத் தவிர நாங்கள் செய்த குற்றம் என்ன என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் கேள்வியை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். ஆனால் அதில் பாதிதான் உண்மை. நிறுவனங்களைப் பற்றி அந்த இளைஞர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்த நிறுவனங்களை நம்பி வாழும் சாதாரண மனிதர்களைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். கணினி ஹேக்கிங்குக்கு முன்னோடி தொலைபேசி ஹேக்கிங். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல், நெடுந்தூர இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞையையும் பேச்சுக்குரலையும் ஒரே கம்பியில் அனுப்பியது. கம்பி சும்மா இருக்கிறது என்று சொல்ல 2600 ஹெர்ட்ஸ் ஒலி. பார்வையற்ற சிறுவனான ஜோ எங்ரேசியா அதே சுருதியில் சீட்டியடித்தபோது, மறுமுனை இயந்திரம் அதைத் தன் சொந்த ஆணை என்றே எடுத்துக்கொண்டது. ஒரு பிள்ளையின் சீட்டிக்குக் கட்டுப்படும் அமைப்பை நாடு முழுக்க நிறுவிவிட்டு, அதைப் பற்றி வெளியே பேசாமல் இருந்தால் போதும் என்று நிறுவனம் நினைத்தது. ஓட்டையை மூடுவதைவிட மறைப்பது மலிவு என்ற அந்தப் போக்கை உலகுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் இவரைப் போன்ற பிள்ளைகள்தான். நெடுந்தூர அழைப்பு விலையேறியதாகவும், கணினி பல்கலைக்கழகத்துக்கும் ராணுவத்துக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும் உரியதாகவும் இருந்த காலத்தில், அறிவுப் பசியுள்ள ஓர் ஏழைப் பையனுக்கு வேறு வாசல் இல்லை என்பதும் உண்மை.

நிறுவனங்கள் எவ்வளவு மிகைப்படுத்தின என்பதற்கு 1990 ஜூலையில் நடந்த கிரெய்க் நைடார்ஃப் வழக்கு சாட்சி. அவசர உதவித் தொலைபேசிச் சேவை பற்றிய ஓர் ஆவணத்தை ‘ஃபிராக்’ இதழில் வெளியிட்டதாக அவர் மேல் குற்றச்சாட்டு. பெல்சவுத் நிறுவனம் அந்த ஆவணத்துக்கு 79,449 டாலர் மதிப்புப் போட்டிருந்தது. அதே விவரங்கள் அடங்கிய வெளியீட்டை அந்த நிறுவனமே 13 டாலருக்கு விற்கிறது என்று தெரியவந்ததும் வழக்கு நடுவிலேயே கைவிடப்பட்டது.

இனி மறுபாதி. 1983-இல் மில்வாக்கியைச் சேர்ந்த ‘414’ குழுவினர் அமெரிக்கா முழுக்கப் பல கணினிகளுக்குள் புகுந்தார்கள். பெரிய வித்தை எதுவும் இல்லை. மாற்றப்படாமல் கிடந்த தொழிற்சாலைக் கடவுச்சொற்களே போதுமானதாக இருந்தன. அவர்கள் நுழைந்த இடங்களில் லாஸ் அலமாஸ் அணுஆயுத ஆய்வகமும் ஒன்று, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்று. மருத்துவமனையில் தங்கள் தடத்தை அழிக்கப்போய்க் கட்டணப் பதிவுகள் சிலவற்றையும் அழித்தார்கள். அணுகுண்டு செய்யும் இடமும் புற்றுநோயாளி படுத்திருக்கும் இடமும் அவர்களுக்கு ஒரே மாதிரித் திரைகளாகத் தெரிந்தன. இதை அந்தப் பிள்ளைகளின் கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. அந்தப் பழக்கத்தின் அமைப்பிலேயே குறை இருந்தது. முனையத்தின் முன் உட்கார்ந்தவனுக்கு எழுத்துகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆள் தெரியமாட்டார்.

அப்படித் தெரியாமல் போனவர்களில் ஹேக்கர்களும் உண்டு. 1986 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணக்கில் உதைத்த 75 சென்ட்டைத் துரத்திப் புறப்பட்டவர் கிளிஃபர்டு ஸ்டோல் என்ற வானியலாளர். மாதக்கணக்கில் தொடர்ந்த அந்தத் தேடல் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் முடிந்தது. அங்கிருந்த இளைஞர்கள் அமெரிக்க ராணுவக் கணினிகளில் கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த கார்ல் கோக், போதைப் பழக்கத்திலும் மனநோயிலும் சிக்கி, 1989-இல் ஒரு காட்டில் எரிந்த உடலாகக் கிடைத்தார். வயது 23. 1988 நவம்பரில் இணையத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளை ஸ்தம்பிக்க வைத்த புழு நிரலை எழுதிய ராபர்ட் மாரிஸுக்கு நன்னடத்தைக் காவலும் சமூக சேவையும் அபராதமும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். அவருடைய தந்தை அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி. மாரிஸ் இன்னும் கடுமையாகத் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோக்குக்கும் அப்படித் தாங்கிப் பிடிக்க யாராவது இருந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு இந்தப் புயல் வந்த ஆண்டு 1998. மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. ஜூனில் ‘மில்வோர்ம்’ என்ற குழு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் புகுந்து, மின்னஞ்சல்களை எடுத்துக்கொண்டு, இணையப் பக்கத்தில் காளான் மேகப் படத்தை ஏற்றிவிட்டுப் போனது. வெவ்வேறு நாடுகளில் இருந்த, பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள். அணு ஆயுத எதிர்ப்பே தங்கள் நோக்கம் என்றார்கள். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். வழியை ஏற்க முடியவில்லை. அணு ஆயுதம் பரவக்கூடாது என்று சொல்லிக்கொண்டே, அணு ஆய்வகத்தின் தகவல் தங்கள் கையில் இருப்பதாக ஊரறியப் பெருமை பேசுவது தன்னையே மறுக்கும் போராட்டம். அடுத்த மாதமே அந்தக் குழு, ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருந்த 300-க்கும் மேற்பட்ட தளங்களில் தன் முழக்கத்தை எழுதியது. அணுகுண்டுக்கும் அந்தத் தளங்களை நடத்தியவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதே காலத்தில், ‘இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்’ என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் வீதம் இரண்டு வாரம் கொட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. இதில் எந்தப் பூட்டும் திறக்கப்படவில்லை, எந்த உண்மையும் வெளிவரவில்லை. ஈழத் தமிழர்களின் துயரம் அஞ்சல் பெட்டியை அடைக்கும் வேலையாகச் சுருங்கிப்போனது. தூதரகத்தின் உதவியை எதிர்பார்த்திருந்தவர்களில் தமிழர்களும் இருந்திருப்பார்கள்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மணிக்கணக்கில் காசு. 2000-இல் டெல்லியில் பதிவான வழக்கு ஒன்றில், இணைப்புக் கொடுக்க வீட்டுக்கு வந்த பொறியாளரே ராணுவ அதிகாரி ஒருவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி 100 மணி நேர இணையத்தைத் தீர்த்துவிட்டார் என்று குற்றம்சாட்டப்பட்டது. அப்போது தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை; இந்திய தண்டனைச் சட்டத்தின் திருட்டுப் பிரிவைத்தான் போலீசார் எடுத்தார்கள். அது பொருத்தமான பிரிவு என்றே எனக்குப் படுகிறது. பெல் நிறுவனத்திடம் எடுத்த இலவச அழைப்பில் ஒரு கலகம் இருந்தது என்று வாதாடலாம். தனி மனிதர் காசு கட்டி வாங்கிய மணிகளை எடுப்பதில் என்ன கலகம்? செயல் ஒன்றுதான். இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் நியாயம் தெரியும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் அரசையும் நீதிமன்றத்தையும் பார்த்தால் வேறொரு குறை தெரிகிறது. 2010-இல் ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேனோடு சேர்ந்து நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனங்களை ஆய்ந்து வெளியிட்டார். மூன்றாவது முக்கிய ஆய்வாளர் நெதர்லாந்தின் ரோப் கோங்ரைப். எண்பதுகளின் தலைமறைவு உலகிலிருந்து வந்து, ‘ஹேக்-டிக்’ இதழை நடத்தியவர். பழைய கலகம் முதிர்ந்து பொதுநலனாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நடந்தது என்ன? ஆய்வுக்கு இயந்திரத்தை யார் கொடுத்தது என்று சொல்ல மறுத்த ஹரி பிரசாத் அந்த ஆகஸ்டில் கைதானார்.

2019-இல் கூடங்குளம். அணுமின் நிலையத்துக்குள் ‘டிட்ராக்’ என்ற மால்வேர் புகுந்த செய்தி அக்டோபர் இறுதியில் வெளியானது. 29-ஆம் தேதி மறுப்பு. செய்தி பொய், கட்டுப்பாட்டு அமைப்புகளின் மேல் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றார்கள். 30-ஆம் தேதி, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் மால்வேர் இருந்தது என்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே எச்சரித்திருந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றார்கள். அதை நம்பத் தயாராகவே இருக்கிறேன். ஆனால் அணுமின் நிலையத்தின் அருகே வாழும் இடிந்தகரை மக்களுக்கு முதல் நாள் ஏன் பொய்யான மறுப்பு? சீட்டிக்குப் பணிந்த பெல் நிறுவனத்தின் அதே பழக்கம் இது.

வேறு வழி இருக்கிறது என்பதை ஒரு தமிழர் காட்டியிருக்கிறார். அதே 2019-இல், லக்ஷ்மண் முத்தையா என்ற ஆய்வாளர், இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மாற்ற அனுப்பப்படும் ஆறு இலக்க எண்ணை, ஆயிரக்கணக்கான இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்று கண்டுபிடித்துவிட முடியும் என்று நிறுவினார். அடுத்தவர் கணக்கைக் கைப்பற்றவில்லை. நிறுவனத்திடம் சொன்னார், ஓட்டை அடைக்கப்பட்டது, 30,000 டாலர் பரிசு கிடைத்தது. மென்டர் பேசிய ஆர்வம் இதிலும் முழுதாக இருக்கிறது, யாரும் விலை கொடுக்கவில்லை. ஆனால் பரிசுத் திட்டம் வைத்திருக்கும் பணக்கார நிறுவனத்திடம்தான் இது நடக்கும். நம் அரசு அலுவலகத்தின் தளத்தில் ஓட்டையைக் கண்டவர் என்ன செய்வார்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் அணுகினாலே இழப்பீடு; நேர்மையற்ற நோக்கம் இருந்ததாக 66-ஆம் பிரிவில் நிரூபித்தால் மூன்றாண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொல்ல வருபவரைக் காக்கும் பிரிவு இல்லை. நோக்கம் நல்லதா என்பதைக் கைதுக்குப் பிறகு நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

2021-இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண்கள் உட்பட, இணையத்தில் கசிந்ததாக ஒரு பெங்களூரு நிறுவனம் வெளிப்படுத்தியது. ரேஷன் அட்டை இல்லாத வீடு ஜவ்வாது மலைக்கிராமங்களில் அரிது. தங்கள் விவரமும் அதில் இருந்ததா என்று அங்குள்ளவர்கள் யாரிடம் கேட்பார்கள்? கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் 17-ஆம் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கு அந்தச் சட்டமும் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.