திமிங்கிலம் அடியை முடிக்கும் இடத்தில் கேளுங்கள்

"திமிங்கிலப் பாட்டா? தூக்கம் வரப் போட்டுக்கொள்வார்களே, அதுவா?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புல்லாங்குழலையும் மழைச் சத்தத்தையும் கலந்து ஸ்பாவில் ஓடவிடுகிறார்களே, அதில் பாட்டே செத்துப்போகிறது. அதைக் கேட்டுவிட்டு "நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை கொஞ்சம்தான். நான் சொல்லும் பாட்டைப் பாடுவது கூன்முதுகுத் திமிங்கிலம், அதிலும் ஆண் மட்டும். சில ஒலிகள் சேர்ந்தால் ஓர் அடி. அதே அடி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பகுதி. பகுதிகள் வரிசை மாறாமல் வந்தால் பாட்டு. பத்து நிமிடமும் ஓடும், அரை மணியும் ஓடும். முடிந்த கையோடு மறுபடி முதலிலிருந்து. 1970-ல் ரோஜர் பெய்ன் வெளியிட்ட பெர்முடா கடல் பதிவுகளில் தொடங்குங்கள். ஹெட்போன் கட்டாயம். மொபைல் ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி விழாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேட்டி பெய்ன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். ஆண்டுக்கணக்கான பதிவுகளை ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம்களாக்கி ஒப்பிட்டு, பாட்டு வருடத்துக்கு வருடம் மாறுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கடற்பகுதியின் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடும், மாறும்போது சேர்ந்தே மாறும். 1988-ல் லிண்டா கினியோடு சேர்ந்து இன்னொன்றும் சொன்னார்: வெவ்வேறு பகுதிகளின் அடிகள் ஒரே மாதிரி ஒலியில் போய் முடிகின்றன.

இதைத் தமிழில் 'எதுகை' என்று எழுதுபவர்களோடு எனக்குத் தீராத சண்டை. எதுகை, அடியின் இரண்டாம் எழுத்தில் வருவது. இது அடியின் கடைசியில் வருவது, இயைபு! பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. எதுகை தேடும் காது அடி தொடங்கியதுமே திருப்தியாகிவிடும். இயைபு தேடும் காது கடைசிவரை காத்திருக்கும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனகல் மேலே ஏறுகிறது, துருப்பிடித்த கீல் போல ஒரு கிறீச், பிறகு கனமாக இரண்டு உறுமல். அடுத்த பகுதியில் முனகலும் இல்லை, கிறீச்சும் இல்லை, எல்லாமே புதிது. ஆனால் முடிவில் அதே இரண்டு உறுமல். உடம்பு சிலிர்க்கும்.

பகுதிகள் அதிகமுள்ள பாட்டுகளில்தான் இந்த இயைபு கூடுதலாம். திமிங்கிலம் பாட்டை நினைவில் நிறுத்திக்கொள்ள இது உதவலாம் என்பது கேட்டி, லிண்டா இருவரின் ஊகம். அந்தாதியை மனப்பாடம் செய்தவருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? திமிங்கில மொழியைக் கம்ப்யூட்டர் பெயர்த்துவிடும் என்று பரபரப்பவர்கள் மேலோட்டமானவர்கள். அர்த்தத்துக்கு அவசரப்படுகிறார்கள், ஓர் அடியை முழுசாகக் கேட்பதில்லை.

உங்களிடம் சொல்கிறேனே, புதிய பதிவுகளைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. வணிகத் திமிங்கில வேட்டைக்கு 1986-ல் தடை வந்தது. கப்பல் இரைச்சலுக்கு அப்படி ஒரு தடை இல்லை. கப்பல் எஞ்சினின் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில்தான். அதனால் முதலில் மூழ்கிப்போவது உறுமல்கள். நேற்று ராத்திரியும் அப்படித்தான். முனகல் வந்தது, கிறீச் வந்தது, அதற்குமேல் ஒரே எஞ்சின். அடி முடிந்ததா என்று தெரியாமல் நாலு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.