எழுவாய் இல்லாத கூட்டம்

தலைமை இல்லாமலே எறும்புக் கூட்டம் உணவுக்குக் குறுக்குவழி கண்டுவிடுகிறது என்பதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதிகளைக் கொண்டு கணினித் திரையில் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டார்: இடிக்காதே, பக்கத்துப் பறவையின் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. மையத்தைச் சந்தேகித்தே பழகிய நமக்கு இது இனித்தது. மென்பொருள் முகவர்களின் 'கூட்டறிவு' என்ற சொல்லாடல் இந்த இனிப்பின் மேல்தான் நிற்கிறது.

2010 மே 6 பிற்பகலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒரு பெரிய நிதி நிறுவனம் 75,000 முன்பேர ஒப்பந்தங்களை விற்கும் வேலையை ஒரு நிரலிடம் விட்டது. விலையைப் பார்க்காதே, முந்தைய நிமிட வணிகத்தில் 9 சதவீத அளவுக்கு விற்றுக்கொண்டே இரு என்பது அதற்கு இட்ட கட்டளை. அதிவேக வணிக நிரல்கள் வாங்கி, ஒன்று இன்னொன்றின் தலையில் கட்டின. 14 விநாடிகளில் 27,000 ஒப்பந்தங்களுக்கு மேல் கைமாறின. அவை நிகரமாக வாங்கியதோ சுமார் 200தான். கைமாற்றம் கூடக்கூட விற்பனையும் கூடியது. ஒவ்வொரு நிரலும் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. சரி, இதுல அறிவு எங்கே இருக்கு?

சரிவு தானாக நிற்கவில்லை. சிகாகோ சந்தையில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த ஒரு விதி வணிகத்தை 5 விநாடி நிறுத்திய பிறகே ஒப்பந்த விலை மீண்டது. தனிப் பங்குகளில் குழப்பம் நீடித்தது. அக்செஞ்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக்கூட விலைபோனது. பின்னர் சந்தைகள் கூடி, விலை 60 சதவீதத்துக்கு மேல் விலகிய வணிகங்களை மட்டும் ரத்து செய்தன. அப்படி ரத்தானவை 20,000க்கும் அதிகம். 59 சதவீதம் இழந்தவன் இழந்தவன்தான். அந்தக் கோட்டை எந்தக் கூட்டறிவும் போடவில்லை, ஆட்கள் போட்டார்கள்.

மையம் இல்லையென்றால் அதிகாரமும் இல்லை என்று நினைத்தது நம் பிழை. சிதறிக்கிடக்கும் அறிவை விலையே ஒருங்கிணைத்துவிடும், மேலிருந்து திட்டமிட ஆள் தேவையில்லை என்று ஹாயெக் 1945லேயே வாதிட்டார். சிதறலைக் கொண்டாடும் மொழி சந்தைக்கும் நன்றாகத் தெரியும்.

இன்று மொழி மாதிரிகளால் இயங்கும் முகவர்கள் தமக்குள் பேசி வேலைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தவறு நேர்ந்தால் 'அதுவா அப்படி ஆயிடுச்சு' என்பார்கள். அந்த வாக்கியத்தில் ஆளைக் குறிக்கும் எழுவாய் இல்லை. விதியை எழுதியவர், வேகத்தை விலைக்கு வாங்கியவர், கோட்டைப் போட்டவர் எல்லாரும் அந்த வெற்றிடத்தில் ஒளிந்துகொள்ளலாம். வழிநடத்தும் பறவை இல்லைதான். மூன்று விதிகளை எழுதினது யாரு என்று கேட்பதிலிருந்து நம் விமர்சனம் தொடங்கட்டும்.