பட்டாவுக்குப் பணம், பயிரிடுபவருக்கு?

பெலாந்துறை அணைக்கட்டுத் தண்ணீரையும் போர்வெல்லையும் நம்பி நெல்லும் கரும்பும் போடும் பெண்ணாடம் பக்கத்தில், 'கிசான் பணம் ஏறிடுச்சா?' என்ற விசாரிப்பு நான்கு மாதத்துக்கு ஒருமுறை கேட்கும். பி.எம். கிசான் திட்டத்தில் தவணைக்கு 2,000, ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தை எடைபோட, பணம் எப்படி வருகிறது, யாருக்கு வருகிறது என்ற இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் அது தேறிவிடுகிறது, இரண்டாவதில் தோற்கிறது.

பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. இன்ன பயிர்தான் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணையில் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கலாம். நடவு நேரத்தில் வந்தால் கைமாற்று கேட்டு அலையும் வேலை மிச்சம். தெலங்கானா 2018இல் கொண்டுவந்த ரைத்து பந்து திட்டம் ஏக்கர் கணக்கில் கொடுத்ததால் நிலம் கூடக் கூடத் தொகையும் கூடியது. பி.எம். கிசானில் குடும்பத்துக்கு ஒரே தொகை என்பதால் சிறு விவசாயிக்கே அதன் பலம் அதிகம். ஆனால், கூலி ஏறிய பிறகும் இந்த ஆறாயிரம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இதைவிடப் பெரிய குறை, யாரை விவசாயி என்று கொள்வது என்பதில் இருக்கிறது. திட்டத்துக்குப் பட்டாதாரர்தான் விவசாயி. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை மாற்றாத பேரனுக்குப் பணம் இல்லை. குத்தகைக்கு உழுபவருக்கும், கோயில் நிலத்தில் தலைமுறையாகப் பயிர் வைப்பவருக்கும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் குடியிருப்பவர், வருமான வரி கட்டாதவராகவும் அரசு வேலையில் இல்லாதவராகவும் இருந்தால், அவருக்கு உண்டு.

இவ்வளவு கெடுபிடியான கதவு 2020இல் வேறு பக்கம் திறந்துகொண்டது. அதிகாரிகளின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போய், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனதாக அப்போதைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது; 34 பேர் பணியிடை நீக்கம் ஆனார்கள். அதற்குப் பிறகு ஆதார் சரிபார்ப்பு, விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று பூட்டுகள் கூடின. அவை போலியைத் தடுக்கும்; விடுபட்டவரை உள்ளே கொண்டுவராது.

குத்தகைதாரரை அடையாளம் காண முடியாது என்பது சாக்கு. கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிப் பதிவான அடங்கலை வைத்துத்தான் அவர் பயிர்க் காப்பீடு செய்கிறார், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறார். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கும் உதவித்தொகை ஒதுக்கியது.

பி.எம். கிசானை நிறுத்தச் சொல்வது சரியல்ல. பட்டாவோடு அடங்கலையும் ஏற்கச் சொல்வதே நியாயம். ஒன்றிய அரசு விதியைத் திருத்தும்வரை, அடங்கலில் பெயருள்ள குத்தகைதாரர்களுக்கு அதே ஆறாயிரத்தைத் தமிழக அரசு தன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்க வேண்டும்.